இரண்டு சங்குக்கு நடுவில்

என் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், தன் ஒரே மகளின் கல்யாணத்தை இரண்டு சங்குக்கு நடுவில் நடத்தி முடித்தவர். காலை ஆறு மணிக்கு ஒரு சங்கு, மதியம் இரண்டு மணிக்கு ஒரு சங்கு. இடையில் முழுதாக எட்டு மணி நேரம் இருக்கிறதே, அதற்குள் ஒரு கல்யாணம் முடியாதா என்று கேட்டார். முடியத்தான் செய்தது. சம்பந்தி வீட்டார் சாப்பிட உட்கார்ந்தபோது "இதோ வந்துடறேன்" என்று எழுந்தவர், கல்யாணச் சட்டையோடு மில் கூரையில் ஏறிச் சங்கை ஊதிவிட்டு, கையில் கிரீஸோடு திரும்பி வந்தார். அவர் கூரைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் குடும்பப் போட்டோவை எடுத்தார்கள். அதில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், பெண்ணைப் பெற்றவர் மட்டும் இல்லை.

அந்தக் கல்யாணம் நடந்தபோது மில் மூடி ஐந்து வருடம் ஆகியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது பேப்பர் மில். அதை ஒட்டி எட்டு வரிசையாக வீடுகள், லைன் வீடுகள் என்போம். ஷிஃப்ட் மாறும்போது மில் கூரையிலிருந்து ஊதுகிற சத்தத்துக்கு எங்கள் பேச்சில் சங்கு என்று பெயர். ஐந்தரைக்கு ஊதுவது எழுப்புகிற சங்கு, அரை நிமிடம். ஆறு மணிக்கு வேலைச் சங்கு, ஒரு நிமிடம். பிறகு மதியம் இரண்டு மணிக்கு. ராத்திரியில் சங்கு கிடையாது. அத்தான் அங்கே டைம் கீப்பர். கேட்டில் டோக்கன் கொடுப்பதும் அவர்தான், நாற்பத்திரண்டு இரும்புப் படி ஏறிச் சங்கை ஊதுவதும் அவர்தான். நான் பேக்கிங் ஹாலில் ரீம் எண்ணிக் கட்டுகிற பெண்களுக்கு மேஸ்திரி. என் வாய் நீளம் என்று அந்த ஹாலே சொல்லும். சொல்லட்டும், பொய்யில்லையே.

சங்கு ஊதுகிறவருக்கு மில்லில் ஒரு சட்டம் உண்டு. கேட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டுப் பச்சைத் துணியை ஆட்டுவார், அதைப் பார்த்த பிறகுதான் கைப்பிடியை இழுக்கலாம். மில் மூடியது. மெஷின்கள் லாரி லாரியாகப் போயின. காவலாளி தன் மகன் வீட்டோடு போய்விட்டார். பச்சைத் துணி எந்த அடுப்படியில் கைப்பிடித் துணியானதோ தெரியாது. வீடுகளை மட்டும் எங்களுக்கே விட்டுவிட்டார்கள், வீடுகளுக்கு வருகிற கரண்டிலேயே சங்கும் ஓடியது. பாதிப் பேர் இருந்துகொண்டோம், மீதி வீடுகளுக்குப் புது ஆட்கள் குடி வந்தார்கள். அத்தான் மட்டும் அதே காக்கிச் சட்டையோடு, அதே நேரத்துக்கு, அதே படியில் ஏறி, ஆளில்லாத கேட்டைப் பார்த்து நின்று சங்கு ஊதினார். பதினோரு வருடம்.

மூடிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை சங்கு ஊதவில்லையாம். செவ்வாய்க்கிழமை ஊதியது. ஏன் என்று கேட்டால், "கேட்டுக்கிட்டாங்க" என்பார். யார் கேட்டார்கள் என்றால், "கேட்டாங்க, விடு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. நான் கேன்டீன்காரம்மாவைச் சந்தேகப்பட்டேன், பிறகு யூனியன் செயலாளரைச் சந்தேகப்பட்டேன். அந்த மகராசனோ மகராசியோ கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வருடக்கணக்காகக் கறுவிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கே நினைவிருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நாட்கள் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவில் இருக்கின்றன. மில் மூட மூன்று வாரம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த ஒரு மாதம் என்ன சாப்பிட்டேன், யார் போட்டார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு எழுந்து உட்கார்ந்தேன். ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், முதலாளியோடு சண்டை போட்டேன், பழைய ஆளாகிவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சினிமாக் குழு எங்கள் மில்லில் படம் பிடிக்க வந்தது. மூடிப்போன மில்லை விட்டு வெளியே வர மனசில்லாத ஒரு தொழிலாளியின் கதை. அத்தானைப் பார்த்ததும் டைரக்டருக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆறு தடவை படியேறச் சொல்லிப் பார்த்தார். கைப்பிடியை எப்படி இழுப்பது என்று நடிகருக்கு அத்தான்தான் காட்டிக் கொடுத்தார். போகிறபோது டைரக்டர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஆட்கள் இருக்கறதாலதான் சார் எல்லாம் இன்னும் உயிரோட இருக்கு" என்றார். பாவி மனுஷன், அந்த ஒரு வார்த்தையால் என் அக்காவின் வாழ்க்கையில் இன்னும் இரண்டு வருடத்துக்குச் சங்கை உறுதி செய்துவிட்டுப் போனார் என்று நான் திட்டாத நாளில்லை.

படம் முடிந்ததும் எங்களுக்காகவே பழைய கேன்டீன் ஹாலில் திரை கட்டிப் போட்டுக் காட்டினார்கள். படத்தில் அந்த ஆள் பெண்டாட்டி பிள்ளைகளை எல்லாம் விட்டுவிட்டு மில்லுக்குள்ளேயே குடியிருக்கிறான், இல்லாத மெஷின்களோடு பேசுகிறான், கடைசியில் சங்கை நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்கிறான், அதோடு படம் முடிந்தது. ஹாலில் மூக்கை உறிஞ்சாத ஆள் இல்லை. அத்தான் மட்டும் கடுகடுவென்று எழுந்தார்.

"பைத்தியக்காரன். யாருக்காக ஊதறான்? அவன்கிட்ட யாரும் ஊதச் சொல்லி கேக்கவே இல்லியே. வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?" என்றார்.

ஹாலே தரையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகச் சொல்லலாம், அக்காவின் கண் கெடாத வரைக்கும். இரண்டு கண்ணிலும் புரை. கொடியில் காய்கிற சட்டையைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்றாள். டீயைக் கப்புக்கு வெளியே ஊற்றிவிட்டு, கப்பு ஓட்டை என்று கடைக்காரனைத் திட்டினாள். மகள் இருக்கிற நகரத்தில் பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. போகப் பத்து மணி நேரம் ரயில். முதலில் ஒரு கண், இரண்டு வாரம் விட்டு இன்னொரு கண், சொட்டு மருந்து, பரிசோதனை என்று எப்படியும் இருபத்தைந்து நாள் ஆகும். இரண்டு வருடமாக மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், அக்கா தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். போன வருடம் இங்கே உள்ள டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். புரை முற்றிவிட்டது, கண்ணில் அழுத்தம் ஏறுகிறது, இந்த மாதத்தைத் தாண்டினால் இடது கண்ணில் பார்வை திரும்புமென்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கே கிளம்பு. நான் கூட வர்றேன்."

"அவர் வராம நான் அந்த மேஜையில படுக்க மாட்டேன்டி. கண்ணுல கத்தி வெக்கறப்ப அவர் வெளியில நிக்கணும்."

"அப்ப அவரைக் கூட்டிக்கிட்டுப் போ."

"அவரால எப்படி முடியும்? சங்கு இருக்கே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராக அத்தானிடம் போனேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயதில் நாற்பத்திரண்டு படி சும்மா விடுமா?

"அத்தான், உங்களுக்கு சங்கு முக்கியமா, எங்கக்கா கண்ணு முக்கியமா?"

அவர் தைலப் புட்டியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "ரெண்டும்தான்" என்றார். சொன்ன முகத்தைப் பார்த்தால் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"சரி. சங்கை நான் ஊதறேன். நீங்க போயிட்டு வாங்க."

இதற்கு அவர் குதிப்பார், அதெல்லாம் உன்னால் ஆகாது என்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"நீ எழுந்துப்பியா?"

"என்ன?"

"அஞ்சு மணிக்கு. சங்கு இல்லாமலே. நீயா எழுந்துப்பியா?"

"ஏன், எனக்கு என்ன கேடு? எழுந்துப்பேன்."

கிளம்புவதற்குள் இதையே இன்னும் இரண்டு தடவை கேட்டார். என்மேல் அவ்வளவு அவநம்பிக்கை. முப்பது பெண்களை மேய்த்தவளிடம், காலையில் எழுந்துகொள்வாயா என்று ஒரு மனிதர் மூன்று தரம் கேட்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் என்னைக் கூரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைப்பிடியை இழுக்கும்போது தோளை முறுக்கக் கூடாது, மோட்டார் முனகி ஒரு நொடி கழித்துத்தான் சத்தம் எழும், பயந்து விட்டுவிடக் கூடாது என்றெல்லாம் சொன்னார். "கேட்டைப் பார்த்து நில்லு" என்றார். "அங்க யாரு அத்தான் இருக்கா?" என்றேன். "இருக்காங்களோ இல்லியோ, அதுதான் முறை" என்றார். சிவப்பு நூல் கட்டிய சாவியை என் கையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சங்கை ஊதிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறினார். பதினோரு வருடத்தில் அவர் எங்கள் லைனை விட்டு வெளியே தங்கப் போவது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை நான் அலாரத்துக்கு முன்னாலேயே விழித்துவிட்டேன். வீறாப்புதான், வேறென்ன? ஐந்து மணி பத்து நிமிடத்துக்கெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு கூரையில் நின்றேன். வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. கேட்டைப் பார்த்து நின்றேன். துருப்பிடித்த கேட்டில் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு நிமிடத்தில் அலுத்துவிட்டது. நான் என்ன டைம் கீப்பரா? திரும்பிக்கொண்டு எங்கள் வீடுகளைப் பார்த்தேன்.

வெயில் காலம். எட்டு வரிசையிலும் ஜன்னல்கள் திறந்து கிடந்தன. சரியாக ஐந்தே காலுக்கு மூன்றாம் லைனில் ஒரு விளக்கு எரிந்தது. குடி வந்திருக்கிற டீச்சர் வீடு. டீச்சர் எழுந்து வந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது, ஜன்னல் மூடியது. எதிர் வீட்டிலும் அப்படியே. ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து படுக்கிற நர்ஸ் பெண், ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு மெத்தையைத் தூக்கி நிறுத்தினாள். பாய்லர் பார்த்த பெரியவர் வாசலில் படுத்திருந்த நாயைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். டப், டப், டப் என்று அடுத்தடுத்து மூடுகிற சத்தம் கூரை வரைக்கும் கேட்டது. ஐந்து இருபத்தைந்துக்கு எட்டு லைனிலும் திறந்த ஜன்னல் ஒன்றுகூட இல்லை.

என் வீட்டைப் பார்த்தேன். அதுவும் மூடித்தான் இருந்தது. வருகிறபோது நான்தான் மூடிவிட்டு வந்திருந்தேன், நினைப்பே இல்லாமல், பழக்கத்தில்.

வாக்குக் கொடுத்தாயிற்றே என்று அன்றைக்கு ஊதினேன். ஐந்தரைக்கும் ஊதினேன், ஆறுக்கும் ஊதினேன், மதியமும் ஏறி ஊதினேன். கிட்டத்தில் நின்று கேட்டால் பல்லெல்லாம் ஆடுகிறது. ஆறு மணிச் சங்கு ஓய்ந்ததும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கீழே இறங்கினவள் நேராக டீச்சர் வீட்டுக்குத்தான் போனேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. "எதுக்கு ஜன்னலைச் சாத்தினே?"

டீச்சர் வெலவெலத்துப் போனாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தை பதறி எழுந்து அழுது. அதனால அஞ்சே காலுக்கு அலாரம் வெச்சு எழுந்து ஜன்னலை மூடிடறேன்."

"சங்குக்கு முன்னாடி எழுந்துக்க அலாரமா?"

"ஆமாக்கா."

"இதை அத்தான்கிட்ட சொல்லக் கூடாதா?"

"எப்படிக்கா சொல்றது? அவருக்கு அதுதானே உயிரு."

பாய்லர் பெரியவரிடம் கேட்டேன். "அந்தக் காலத்துலயே எனக்கு அந்தச் சத்தம் ஆகாதும்மா. ஆனா அந்த மனுஷன் மனசு உடைஞ்சிடுமேன்னு பொறுத்துக்கறேன். காதைப் பொத்திக்கிட்டா போச்சு. நாய்க்குத்தான் பொத்தத் தெரியாது" என்றார். கேன்டீன்காரம்மாவிடம் கேட்டேன். நர்ஸிடம் கேட்டேன். எட்டு லைனிலும் ஒரே பதில். எனக்கு வேண்டாம், மற்றவர்களுக்கு வேண்டியிருக்கும், அவருக்கோ அதுதான் உயிர். ஊதச் சொல்லிக் கேட்டது யார் என்று கையோடு விசாரித்தேன். சத்தியமாக நானில்லை என்று ஒவ்வொருவரும் அடித்துச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் கூரைக்குப் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தேன். விழித்தபோது சூரியன் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. லைன் முழுக்க ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஏழு மணிக்கு டீச்சர் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் பரீட்சையில் காப்பி அடித்தவர்கள் போல முழித்தோம், பிறகு சிரித்துவிட்டோம்.

ஆனால் தினமும் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு ஃபோன் பண்ணுவேன் என்று அத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்ததை மறக்கவில்லை. தலையணை அடியில் ஃபோனை வைத்துக்கொண்டு, அது அடித்ததும் தொண்டையைச் செருமி எடுத்துப் பேசிவிட்டு, மறுபடி தூங்கினேன்.

"எழுந்துட்டியா?" என்றுதான் முதலில் கேட்பார்.

"எழுந்துட்டேன் அத்தான்."

"உடம்பு எப்படி இருக்கு? சாப்பிடறியா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

அதற்குப் பிறகுதான் "ஊதினியா?" என்பார். "ஊதினேன்" என்பேன். பொய் சொல்வது எனக்குப் பெரிய விஷயமில்லை, கடையில் தினமும் சொல்கிறேன். ஆனால் இவரிடம் சொல்லும்போது நெஞ்சில் முள் குத்தியது. திரும்பி வந்து தெரிந்துகொண்டால் அந்த மனிதர் தாங்குவாரா என்று பகலெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முதல் கண் நல்லபடியாக முடிந்தது என்ற செய்தி வந்தபோதும், சந்தோஷத்தோடு பயமும் கூடவே வந்தது. இரண்டு பேரும் திரும்பி வருகிற நாள் நெருங்குகிறதே.

பன்னிரண்டாம் நாள் ஃபோன் வரவில்லை. ஆறு ஐந்து ஆயிற்று, ஆறரை ஆயிற்று, ஏழாயிற்று. அக்கா கண்ணில் ஏதாவது ஆகிவிட்டதா? இவருக்கு ஏதாவதா? நானே அழைத்தேன். மகள்தான் எடுத்தாள்.

"சித்தி, ஒண்ணுமில்ல. அப்பா தூங்கறார்" என்றாள். குரலில் சிரிப்பு.

"தூங்கறாரா?"

"ஆமா சித்தி. மூணு அலாரமும் அடிச்சுது. மூணையும் அணைச்சிட்டுத் திரும்பிப் படுத்துட்டார். எழுப்பட்டுமா?"

"எழுப்பினேன்னு வெச்சுக்கோ, அடுத்த ரயில் ஏறி வந்து உன்னை உதைப்பேன்."

ஃபோனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த மனிதர் ஏழு மணி வரைக்கும் தூங்குகிறார் என்பதே எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

இருபத்தாறாம் நாள் காலை பத்து மணிக்கு வந்து இறங்கினார்கள். அக்கா கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவிலிருந்து இறங்கி, அதைக் கழற்றி, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, உன் மூஞ்சியில இவ்வளவு சுருக்கமா? எப்பலேர்ந்து?"

"நீ பாக்காதப்ப வந்துச்சு" என்றேன். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தோம். அவள் கண் தெளிவாக, ஈரமாக, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இதற்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தோன்றியது.

அத்தான் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்து கை நீட்டினார். "சாவி?"

தப்பிக்க வழியில்லை. "உக்காருங்க அத்தான்" என்றேன். உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். "முதல் நாள் ஊதினேன். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட ஊதல. ஃபோன்ல சொன்னதெல்லாம் பொய். யாருக்கும் சங்கு வேண்டாம் அத்தான். உங்க மனசு நோகுமேன்னு எட்டு லைனும் காதைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கு. நானும்தான். உங்களுக்குக் கோபம் வந்தா என்னை ரெண்டு அடி அடிச்சிடுங்க."

அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடைந்து போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வேறு எதையோ யோசிப்பது போலிருந்தது.

"ஊதலியா? அப்ப நீ எப்படி எழுந்தே?"

"எப்படின்னா? கண்ணு முழிச்சுது, எழுந்தேன்."

"தானாவா? தினமும்?"

"தானாத்தான். என்ன அத்தான் நீங்க, போறப்பவும் இதையே கேட்டீங்க, வந்தும் இதையே கேக்கறீங்க. நான் எழுந்தா என்ன, எழாட்டி என்ன?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா, "சொல்லிடுங்க. அவ நெஜமாவே மறந்துட்டா போல" என்றாள்.

"ஊதச் சொல்லி கேட்டது யாருன்னு எப்பவும் கேப்பியே. நீதான்மா."

"நானா?"

"அந்த திங்கக்கிழமை சங்கு ஊதல. மதியம் உனக்கு சாப்பாடு கொண்டு வந்தோம். நீ சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தே. மூணு நாளா எதையும் தொடல. எழுந்திரும்மான்னு சொன்னேன். 'சங்கு ஊதினாத்தான் அவர் என்னை எழுப்புவார். சங்கே ஊதல, நான் எதுக்கு எழுந்துக்கணும்'னு கேட்டே. நாளைக்கு ஊதினா எழுந்துப்பியான்னேன். தலையை ஆட்டினே. மறுநாள் ஊதினேன். நீ எழுந்து முகம் கழுவினதை உங்கக்கா ஜன்னல் வழியா பாத்துட்டு ஓடி வந்து சொன்னா. அதுக்கப்புறம் நான் எப்படி நிறுத்தறது?"

எனக்கு அந்தத் திங்கட்கிழமை நினைவில்லை. ஆனால் சுவர் நினைவுக்கு வந்தது. அதில் காரை பெயர்ந்த ஒரு இடம், என் கண்ணுக்கு நேராக. என் வீட்டுக்காரர் ஐந்தரைச் சங்கு ஊதியதும் என் காதருகே வந்து "உன் ஆளு கூப்பிடறான்" என்று சங்கைச் சொல்லிக் கேலி செய்வதும் நினைவுக்கு வந்தது.

"பதினோரு வருஷமா?" என்றேன். "நடுவுல ஒரு தடவை கேட்டிருக்கலாமே அத்தான்."

"எப்படிக் கேக்கறது? நிறுத்தட்டுமான்னு நான் கேட்டு, நீ திரும்ப சுவத்தைப் பாத்துப் படுத்துட்டா? நீயும் ஒரு நாளும் வேண்டாம்னு சொல்லலியே."

"உங்களுக்கு சங்குதான் உயிருன்னு நினைச்சேன்."

"எனக்கா?" அத்தான் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அந்தப் படியைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்மா."

நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு வருடம், மங்கிப் போகிற கண்ணோடு, ஒரு தடவைகூட நிறுத்துங்கள் என்று இவள் கேட்காமல் இருந்தது அவருக்காக இல்லை, எனக்காக. நான் அவளிடமே வந்து, உன் புருஷன் சங்கைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று எத்தனை நாள் பொரிந்து தள்ளியிருக்கிறேன்! நறுக்கென்று கேட்பதற்காகப் பதினோரு வருடம் தேடிய ஆள் கிடைத்துவிட்டாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகில் தட்டிக்கொண்டே, "போதும்டி, எனக்கும் அழுகை வருது, டாக்டர் கண்ணை நனைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றாள்.

அத்தான் காத்திருந்தார். நான் மூக்கைச் சிந்தி முடித்த பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"அப்ப இனிமே எழுந்துப்பியா?"

"எழுந்துப்பேன் அத்தான்."

"சங்கு இல்லாம?"

"சங்கு இல்லாம."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாடா" என்றார் அத்தான். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உள்ளே போய்க் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். பத்து நிமிடத்தில் குறட்டை கேட்டது.

நானும் அக்காவும் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவரையும், இவளுக்கு முடி நரைத்துவிட்டதா, இவன் மீசையை எடுத்துவிட்டானா என்று பார்த்துப் பார்த்து வியந்துகொண்டிருந்தாள். இரண்டு மணி ஆயிற்று. பாய்லர் பெரியவரின் நாய் எதிர் வாசலில் தலையைத் தூக்கி ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது. உள்ளே அத்தான் புரண்டு படுத்தார்.

"எழுப்பிடாதே" என்றாள் அக்கா.